கேபிளை இழுத்தால் சிக்னலும் வந்துவிடுமா?

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் சி.என்.சி. ஷெட் வைத்திருப்பவரிடம், ஆபீஸ் ரூமிலிருந்து மெஷினுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் அடிக்கணக்கில் சரியாகச் சொல்வார். அந்தத் தூரத்துக்கு என்ன கேபிள் போட்டிருக்கிறது என்று கேட்டால், "கடையில கொடுத்ததுதான் சார்" என்று பதில் வரும். பிரச்சனையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒயர் இருந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டேட்டாவும் போகும் என்பது நம்மூரில் நன்றாக ஊறிப்போன நம்பிக்கை. மோட்டாருக்கு இது பெரும்பாலும் சரி. கம்ப்யூட்டருக்குச் சரியில்லை. கேட் 5ஈ கேபிளில் 100 மீட்டர் ஓடினால், 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 24 டெசிபல் வரை தேயலாம் என்று தரநிர்ணயமே அனுமதிக்கிறது. அதாவது இந்த முனையில் போட்டதில் அந்த முனைக்குப் போய்ச் சேருவது 250-ல் ஒரு பங்கு சக்திதான்! அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் எதிர்முனை படிக்கிறது. ஆகவே 100 மீட்டர் (90 மீட்டர் நிலையான கேபிள், 10 மீட்டர் பேட்ச் கார்டு) என்ற எல்லையை யாரோ பயமுறுத்துவதற்காக எழுதி வைக்கவில்லை. 130 மீட்டரிலும் லைட் எரியும், பிங் போகும். மழைக்காலத்தில், வெல்டிங் செட் ஓடும்போது, பில் போடும் அவசரத்தில் மட்டும் போகாது. முழுசாகச் செத்துப்போகிற கேபிளைவிட இந்த அரைகுறை கேபிள்தான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? பழைய சி.என்.சி. மெஷின்களுக்கு புரோகிராம் ஆர்.எஸ்.232 வழியாகத்தான் போகிறது. அந்தக் காலத்துக் கணக்கில் இதற்குச் சொன்ன தூரம் 50 அடி, சுமார் 15 மீட்டர். வேகத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். ஆனால் இதில் சிக்னலை அளப்பது பொதுவான ஒரு எர்த் ஒயரை வைத்து. பக்கத்தில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனால் அந்த எர்த்தே ஆடும். 'பாரிட்டி' என்று ஒரு காவல்காரன் இருக்கிறானே என்பார்கள். ஒரு பிட் புரண்டால் பிடிப்பான், இரண்டு புரண்டால் கோட்டை விட்டுவிடுவான். '1' என்ற எழுத்து '7' ஆக மாறுவதற்கு அடுத்தடுத்த இரண்டே பிட் புரண்டால் போதும். 12.5-க்குப் போகவேண்டிய டூல் 72.5-க்குப் போகும். டூல் உடையும், ஜாப் வீண், ஸ்பிண்டில் அடிபட்டால் ஒரு மாத லாபமே காலி. கேபிளில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. இரு முனையிலும் கன்வெர்ட்டர் வைத்து ஆர்.எஸ்.485-க்கு மாற்றினால், மிதமான வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகலாம். இதில் முறுக்கிய இரண்டு கம்பிகள், எதிர்முனை படிப்பது அவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும். தராசின் இரு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்தால் முள் அசையாதல்லவா, அதே சங்கதிதான்.

யு.எஸ்.பி. கதை வேறு. யு.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டர்தான். குறித்த நேரத்துக்குள் பதில் வந்தாகவேண்டும் என்ற விதி இருப்பதால், எவ்வளவு தடிமனான கேபிள் போட்டாலும் அது நீளாது. கோடவுன் கடைசியில் இருக்கும் பார்கோடு பிரிண்டருக்கு ஈதர்நெட் போர்ட் உள்ள மாடலை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சிக்னல் குறைந்தால் அழுத்தித் தள்ளினால் என்ன? 1858-ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிளில் அதைத்தான் செய்தார்கள். சுமார் 2,000 வோல்ட் ஏற்றிப் பார்த்தார்கள், கேபிள் சில வாரங்களில் செத்தது. வெறும் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் அது வந்ததைப் படித்து, புதிதாக எழுதி அனுப்புகிறது. அதனால்தான் அதற்குப் பிறகு இன்னொரு 100 மீட்டர் கிடைக்கிறது.

அடுத்து விலை மலிவான அந்தப் பெட்டிகள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளை முழுச் செம்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். பெட்டி கனமே இருக்காது. கம்பியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செம்போடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் கடத்துதிறன் 60 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதே கேபிளில் கேமராவுக்குக் கரண்டும் அனுப்பினால் (இப்போது எல்லா கேட்டிலும் கேமராதானே), ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கேமரா அணைந்து அணைந்து வரும். திருடன் வருகிற நேரமும் அதுதான் :-)

ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதாக இருந்தால் செம்பை மறந்துவிடுவதே நல்லது. இரு கட்டிடத்தின் எர்த்தும் ஒன்றாக இருக்காது, இடி இறங்கினால் கேபிள் வழியாகவே கம்ப்யூட்டருக்கு வரும். உலோகம் கலக்காத ஃபைபரில் அந்தத் தொல்லை கிடையாது. சிங்கிள் மோட் ஃபைபரில் தேய்மானம் 1,550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல். ஒளி பாதியாகக் குறையவே 15 கிலோமீட்டர் ஓட வேண்டும். 2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர் போவதும் இந்த ஃபைபரின் தயவில்தான்.

ஃபைபர் பணக்காரர்கள் சமாச்சாரம் என்று சொல்லும் காலம் போய்விட்டது. இரண்டு மீடியா கன்வெர்ட்டர், ஒரு சுருள் ஃபைபர், ஒட்டுப்போடும் கூலி, இவ்வளவுதான் செலவு. உண்மையில் பணம் தின்பது ரோட்டைத் தோண்டுவது. ஒவ்வொரு யூனிட்காரரும் தனித்தனியாகத் தோண்டினால் கட்டுப்படியாகாது. அதனால் தொழிற்பேட்டைகளில் ரோடும் வடிகாலும் போடும்போதே, கூடவே ஒரு காலிக் குழாயையும் பதித்துவிட வேண்டும். அதுவும் 2015 டிசம்பரில் அடையாறு ஓரம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள், குழாயின் வாயைத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே வைக்கச் சொல்லி இப்போதே கேட்கலாம்.