பத்து மாத அட்வான்ஸை நாமே குறைக்கலாம்

கோயம்பேடு மார்க்கெட்டைச் சுற்றி வாடகைக்கு வீடு தேடி அலையும் கடைச் சிப்பந்திகளின் பாடு நம் உறுப்பினர்கள் அறியாததல்ல. 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து காய்கறி வியாபாரம் இங்கே வந்தது. பிறகு 2002-ல் பஸ் நிலையமும் 2015-ல் மெட்ரோ ரயிலும் வந்தன. இன்று சின்மயா நகர், விருகம்பாக்கம் வாடகை நம் சிப்பந்திகளுக்குக் கட்டுப்படியாவதில்லை. நெற்குன்றம், மதுரவாயல் என்று தள்ளிப் போகிறார்கள். லோடு இறங்குவதோ நள்ளிரவுக்குப் பிறகு. அந்நேரத்தில் மெட்ரோ ஏது?

வாடகையைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். ஆளை மடக்குவது அட்வான்ஸ்தான். மாத வாடகை 12,000 ரூபாய் என்றால் பத்து மாதத்துக்கு 1,20,000 ரூபாய். எந்தச் சிப்பந்தியிடம் இவ்வளவு ரொக்கம் இருக்கும்? நம்மிடம் கேட்கிறார், கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடிக்கிறோம். வாடிக்கையாளர் குடும்பமென்றால் நகை அடகுக்குப் போகிறது, அந்த வீட்டு மளிகை நம் கடன் நோட்டில் ஏறுகிறது. வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கும் பணத்துக்கு ஒரு பங்கு வட்டியை நாம்தான் கட்டுகிறோம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் செல்லும் என்று அதிலேயே வழியும் விட்டிருக்கிறார்கள். பத்து மாதம் இன்னும் நடமாடுவது அந்த வழியில்தான்.

சிப்பந்திகளுக்காகக் கடை பேரிலேயே வீடு எடுக்கலாமே என்பவர்கள் ஜி.எஸ்.டி.யையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், பதிவு பெற்ற வணிகர் குடியிருப்பை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை அவரே கட்ட வேண்டும். 12,000 ரூபாய்க்கு 2,160 ரூபாய். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது திரும்பி வராத பணம். தனி உரிமையாளர் சொந்தக் கணக்கில், தாம் குடியிருக்க எடுக்கும் வீட்டுக்கு மட்டும் 2023 ஜனவரி முதல் விலக்கு உண்டு.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நம்மில் பலர் வீட்டுக்காரர்களும்கூட. கடைக்கு அட்வான்ஸை ஏற்றினால் சங்கத்தில் வந்து முறையிடுகிறோம்; நம் மாடிப் போர்ஷனுக்கு எத்தனை மாதம் வாங்குகிறோம்? வாடகை பாக்கி வைத்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் ஒரே கடையில் வேலை பார்க்கிறவர் எங்கே ஓடப்போகிறார்? அவருடைய முதலாளி பொறுப்பேற்று ஒரு கடிதம் கொடுத்தால், மூன்று மாதத்துக்கு மேல் எதற்கு?

மூன்று மாத அட்வான்ஸில் வீடு கொடுக்கச் சம்மதிக்கும் உறுப்பினர்கள், வீடு காலியாகும்போது சங்க அலுவலகத்தில் சொல்லட்டும். இதற்கென்று ஒரு நோட்டு போட்டு எழுதிவைப்போம். சிப்பந்திக்குப் பொறுப்புக் கடிதம் கொடுக்க எத்தனை பேர் தயார் என்பதை அடுத்த பொதுக்குழுவில் கைதூக்கச் சொல்லிக் கேட்போம்.