பழைய ஜீப்பும் ஜாதகமும்

மலையடிவாரங்களிலும் மலைமேலுள்ள கிராமங்களிலும் இருக்கும் நம் தோழர்கள் பலருக்கு, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய ஜீப்பு ஒன்று வாங்கவேண்டுமென்ற ஆசை வெகுநாளாய் இருந்துவருகிறது. அதிலும் மாருதி கம்பெனியார் 1985ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ஜிப்சி என்னும் வண்டியின்மேல்தான் கண். அது பொதுமக்களுக்குப் புதிதாய் விற்கப்படுவது 2019ஆம் ஆண்டோடு நின்றுபோனபடியால், இன்று வேண்டுமென்கிறவர் பிறர் ஓட்டிய பழைய வண்டியைத்தான் வாங்கியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த ஜிம்னியோ சாதாரணக் குடியானவன் கைக்கு எட்டும் விலையல்ல. ஆகவே பழைய ஜிப்சியை வாங்கலாமா, கூடாதா என்பதே இப்போதுள்ள கேள்வி.

இதற்கு விடை தேடி நம் மக்கள் போகிற இடம் எது? மெக்கானிக் கடையா? இல்லை, ஜோசியர் வீடு. வாங்குகிறவனுக்கு வாகன யோகம் உண்டா, வண்டியின் நிறம் ராசிக்கு ஒத்துவருமா, இரும்பு சனீஸ்வரனுக்குரியதாயிற்றே எந்தக் கிழமையில் முன்பணம் கொடுப்பது என்று நாலைந்து நாள் அலைகிறார்கள். அந்தத் தட்சணையும் பஸ் செலவும் நல்ல மெக்கானிக் ஒருவரை அரை நாள் கூட அழைத்துப் போகப் போதும். பிறகு வண்டியைப் பார்ப்பதோ கால் மணி நேரம். கதவைத் திறந்து மூடுவார்கள், டயரைக் காலால் உதைப்பார்கள், “கைராசி எப்படி?” என்று விற்கிறவனையே கேட்பார்கள். விற்கிறவன் ராசியில்லை என்றா சொல்லுவான்? வாங்கி வந்ததும் நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து, பின்னால் வருகிற சைக்கிள்காரனை வழுக்கி விழவைப்பதோடு சடங்கு முடிகிறது.

இதிலே எட்டு என்ற எண் படுகிற பாடு தனி. பதிவு எண்ணைக் கூட்டி எட்டு வந்தால் அந்த வண்டி ஆகாதாம். சர்க்கார் ஆபீசில் வரிசையாய்க் கொடுக்கப்பட்ட எண்ணுக்கும் பிரேக் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தமென்று ஒருவராவது கேட்பதில்லை. புரோக்கர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். எட்டு வருகிற வண்டியை, “ஐயா, இது போகாத சரக்கு” என்று சொல்லிச் சொந்தக்காரனிடம் விலையை அடித்து வாங்குகிறார்கள். நாம் சொல்லுவது என்னவென்றால், எட்டு என்று ஊரார் ஒதுக்கிய வண்டி உள்ளபடியே நல்ல நிலையிலிருந்தால் நம் தோழர்கள் தாராளமாய் வாங்கட்டும். மற்றவன் மூடநம்பிக்கையால் நமக்குச் சில ஆயிரம் மிச்சமாவதில் தப்பென்ன?

நிற்க, இந்த ஜீப்பு எந்த ரிஷியின் ஞானதிருஷ்டியிலும் தோன்றியதல்ல. 1940ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவத்தார் கேட்டதன்பேரில் பான்டம் என்ற சிறு கம்பெனியார் 49 நாட்களில் முதல் வண்டியைச் செய்து கொடுத்தார்கள். ஜப்பானில் சுசுகி கம்பெனியார் 1970இல் 359 சி.சி. எஞ்சினை வைத்து அதே வித்தையைச் சிறு வண்டியில் செய்துகாட்டினார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் நம் ஜிப்சி. நம்மவர்களோ புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஓர் இடம் காலியாயிருக்கும் என்று கதை எழுதி வைத்தார்கள். நம் ஜீப்புக்காரர்கள் புராணத்திலிருந்து அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காய்க் கற்றுக்கொண்டு, எத்தனை பேர் நின்றாலும் ஏற்றிக்கொள்ளுகிறார்கள். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் விடியுமுன் போய்வருகிற தொழிலாளர் பெரும்பாலும் பெண்கள். வளைவில் பிரேக் விடுமானால் சாவது அவர்கள். “விதி” என்று சொல்லித் தப்புவது வண்டிக்காரன். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்கு விதி என்று பெயரிட்டவனைவிடப் பெரிய மோசக்காரன் வேறு யார்?

இனி, வாங்கலாமா என்ற விஷயத்திற்கு வருவோம். முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். வீட்டு வாசல்வரை தார்ச்சாலை வந்துவிட்ட ஊரிலே இவ்வண்டி வெறும் ஜம்பத்திற்குத்தான். முன்காலத்தில் பண்ணையாரும் போலீஸ் அதிகாரியும் ஜீப்பில் வந்து மிரட்டினார்கள் என்பதற்காக நாமும் அதில் ஏறி மிரட்டிப் பார்க்கவேண்டுமென்பது சுயமரியாதையாகாது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்து, மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் 60 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் வீதம் மாதம் 6,000 ரூபாய் பெட்ரோலுக்கே போய்விடும். ஆனால் நோயாளியையும் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் இன்னமும் டோலி கட்டித் தூக்கி வருகிற மலைக் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து ஒரு ஜிப்சி வாங்குவதை ஆடம்பரமென்று சொல்லுகிறவன் டோலியைத் தூக்கிப் பார்த்திராதவன். ஏறக்குறைய ஒரு டன் எடையேயுள்ள வண்டியானதால் சேற்றில் அழுந்தாமல் ஏறிவரும். அப்படிப்பட்டவர்கள் வாங்கட்டும்; பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து அவர்களும் ஓட்டப் பழகட்டும்.

வாங்கப் போகிறவர், விற்கிறவனுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் காலையிலேயே போய்ச் சேரவேண்டும். முதலில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சுடுகிறதென்றால் சிரமப்பட்டுக் கிளம்பும் எஞ்சினை நமக்காகச் சூடேற்றி வைத்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, நீலப்புகை நில்லாமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம் வேட்டி அழுக்காவதைப் பாராமல் அடியில் படுத்து, டார்ச் விளக்கடித்துச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். இவ்வண்டியின் உயிர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களை ஸ்பானரால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும்; துரு தின்றது மொத்தென்று கேட்டு உதிரும். புது பெயின்டுக்கு அடியில் வெல்டு வைத்த தழும்பிருந்தால் விபத்தில் அடிபட்ட வண்டியாக இருக்கலாம். ‘ராசியில்லாத வண்டி’ என்று ஊரார் பெயர் வைப்பது அநேகமாய் இத்தகையதற்குத்தான். சட்டம் கோணியதால் ஒருபக்கம் இழுக்கிறதே தவிர, கிரகம் ஒன்றும் இழுக்கவில்லை.

நான்கு சக்கர கியரைத் தார்ச்சாலையில் சோதிக்கக் கூடாது. இதில் முன்னும் பின்னும் ஒன்றாய்ப் பூட்டப்படுவதால், வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட முடியாமல் பற்கள் நெருக்கப்படும். ஆகையால் இளகிய மண்ணிலோ ஆற்று மணலிலோ இறக்கி, தாழ்ந்த கியரில் மேடேற்றிப் பார்க்கவேண்டும். கியர் தானாய் வெளியே துள்ளினாலும், உள்ளே அரைக்கும் சத்தம் கேட்டாலும் பெருஞ்செலவு காத்திருக்கிறதென்று அர்த்தம். டயர் நான்கும் ஒரே அளவாயிராத வண்டியை அக்கறையாய் வைத்திருந்தார்கள் என்று யார் சொன்னாலும் நாம் நம்பமாட்டோம்.

சட்டத்தில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒன்றாயிருக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டிய எண் பொருத்தம். சொந்த உபயோகத்திற்கான பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குமேல் வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்திருக்க வேண்டும். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்றினால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியார் கையை விரிப்பார்கள். வெளிமாகாண வண்டி மலிவென்று பாய்கிறவர் இங்கே கட்டவேண்டிய வரியையும் கூட்டிப் பார்க்கட்டும். கடன் பாக்கியிருந்தால் பாங்கியின் 35ஆம் நம்பர் பாரம் இல்லாமல் ஒரு பைசா கொடுக்கலாகாது.

பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் நம்பர் பாரங்கள். ஒரே மாகாணத்திற்குள்ளானால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்கவேண்டுமென்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் புத்தகத்தில் பெயருள்ளவரே பொறுப்பென்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. ஆதலால் இதில் விற்கிறவருக்குத்தான் அவசரம் அதிகம் இருக்கவேண்டும். அவரோ, “இது ஆடி மாசம், ஆவணி பிறக்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன்” என்பாரானால், பணத்தில் பாதியையும் ஆவணியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று மாலைக்குள் ஆடியிலேயே நல்ல நாள் ஒன்று அகப்பட்டுவிடும்.