போர்ஷன் முடிந்தால் போதுமா?

என் மகள் ஜப்பானில் தாவரங்கள் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். 'என்ன ஆராய்ச்சி?' என்று யாராவது கேட்டால், 'ஏதோ செடி, கிருமின்னு சொல்வா' என்று சிரித்து மழுப்பிவிடுவேன். அவள் பி.எச்டி. முடித்ததும், 'கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு எங்கே வேணும்னாலும் போ' என்று ஒரு வருஷம் மல்லுக்கு நின்றவள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

2023ல் ஒருநாள் போன் செய்தாள். "அம்மா, இங்கே ஒரு ஹைஸ்கூல்ல லெக்சர் கொடுக்கப் போறேன். உன்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன், உனக்குப் புரிஞ்சா அந்தப் பசங்களுக்கும் புரியும்" என்றாள். நான் பத்தாவதோடு நின்றவள்!

ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகம், 2004லிருந்தே 'சயின்ஸ் டயலாக்' என்று ஒரு திட்டம் நடத்துகிறதாம். அந்தக் கழகத்தின் உதவித்தொகையில் வரும் வெளிநாட்டு இளம் விஞ்ஞானிகள், உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய் தங்கள் ஆராய்ச்சியை எளிய ஆங்கிலத்தில் விளக்குவார்களாம். துணைக்கு ஒரு ஜப்பானிய ஆராய்ச்சியாளர் போய், பிள்ளைகளுக்குப் புரியாததை எடுத்துச் சொல்வார். சொந்த ஊரைப் பற்றியும், இந்தப் படிப்புக்கு எப்படி வந்தோம் என்பதைப் பற்றியும் பேசுவார்களாம்.

மகள் ஆரம்பித்தாள். வாயில் நுழையாத வார்த்தைகளாக வந்து விழுந்தன. "ஏண்டி, நம்ம வயல்ல உளுந்துச் செடியைப் பிடுங்கினா வேர்ல கடுகு கடுகா முடிச்சு இருக்குமே, அதுவா?" என்றேன். "அதேதாம்மா!" என்று துள்ளினாள்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானாம். ஆனால், செடியால் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா, அதைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. "அப்போ வீட்டோட இருக்கிற சமையல்காரின்னு சொல்லேன். சாப்பாடு போட்டு வெச்சுக்கறா, அது சமைச்சுத் தருது" என்றேன். அதையே லெக்சரிலும் சொன்னாளாம். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்குமே, அது நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் என்று 1939ல் கண்டுபிடித்தவரும் குபோ என்ற ஜப்பானியர்தானாம். அதுவும் அவர்கள் தினமும் சாப்பிடுகிற சோயா செடியின் வேரில்! பிள்ளைகள் கண் விரியக் கேட்டார்களாம்.

முடிந்ததும் யாருமே கை தூக்கவில்லையாம், கூச்சம். கடைசியில் ஒரு மாணவி மட்டும் எழுந்து, "விஞ்ஞானி ஆக உங்கள் அம்மா சம்மதித்தாரா?" என்று கேட்டாளாம். அங்கேயும் ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையாம். அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன பிரச்னையோ!

"நீ என்னடி சொன்னே?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "முதன்முதலா உளுந்துச் செடியைப் பிடுங்கி, வேரைக் காட்டினதே எங்கம்மாதான்னு சொன்னேன்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு வருஷச் சண்டையைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

லீவில் வந்தபோது, தான் படித்த பள்ளியில் ஒரு மணி நேரம் பேச ஆசைப்பட்டாள். அவளோடு நானும் போனேன். 'ரிவிஷன் டெஸ்ட் நடக்குது, போர்ஷன் முடிக்கணும்' என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ரிசல்ட் குறைந்தால் முதலில் சண்டைக்குப் போவது நாம்தானே?

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2017ல் தொடங்கிய 'ஜிக்யாசா' திட்டம், சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானிகளைக் கேந்திரிய வித்யாலயா மாணவர்களோடு இணைத்தது. ஆனால், எங்கள் ஊர் போன்ற சின்ன ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு விஞ்ஞானியை நேரில் பார்ப்பது எப்போது?

சகோதரிகளே, இதற்குப் பெரிய செலவில்லை. இன்று தெருவுக்கு ஒரு பிள்ளை ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறது. லீவில் வரும்போது, ஒரே ஒரு பீரியட் பேச வையுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்காமல், இதையும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் தலைமையாசிரியர் மறுக்க மாட்டார்.

முதலில், நம் வீட்டுப் பெண்ணிடம் 'எவ்வளவு சம்பளம், எப்போ கல்யாணம்' என்பதோடு, 'நீ என்னடி ஆராய்ச்சி பண்றே?' என்றும் கேட்போமே! நான் கேட்கப் பல வருஷம் ஆகிவிட்டது. நீங்களாவது சீக்கிரம் கேளுங்கள்.

- ஒரு வாசகி, மன்னார்குடி.