தலை எண்ணும் பள்ளிக்கூடங்கள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஹிஸ்பானியப் பிள்ளைகளின் சேர்க்கை கூடுகிறதாம். நாடு முழுக்க 2012இல் நூற்றுக்கு 24, 2022இல் 29. நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளிலும் இந்தக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். நல்ல சேதிதானே, இதுல என்ன வம்பு என்று கேட்கலாம் தோழர்களே. வம்பு இருக்கிறது.

'மெக்சிகப் பிள்ளைங்க கூடிப்போச்சு' என்ற புலம்பல் பழசு. 1931 ஜனவரியில் கலிபோர்னியாவின் லெமன் குரோவ் கிராமத்தில் சுமார் 75 மெக்சிகப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் பள்ளி வாசலிலேயே மறித்தார். உங்களுக்குத் தனிக் கட்டடம், அங்கே போங்கள் என்றார். அதற்கு ஜனங்கள் வைத்த பேர் 'குதிரை லாயம்'. தோப்புக் கூலிகளான பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்ப மறுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். கொண்டாட வேண்டிய போராட்டம், சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்பு நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். செவ்விந்தியர், சீனர், ஜப்பானியர் பிள்ளைகளைத் தனியே ஒதுக்க அங்கே சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் மெக்சிகர் பேர் இல்லை, சட்டக் கணக்கில் அவர்கள் வெள்ளையர். பட்டியலை யாரும் கிழிக்கவில்லை. 1947 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஒரு படி மேலே ஏறிக்கொண்டு கீழ்ப்படியை அப்படியே விட்டுவிடும் விடுதலையை நாமும் பார்த்திருக்கிறோம்.

அன்றைக்குப் பிள்ளை கூடிவிட்டதே என்ற பயம். பிறகு பிள்ளை இல்லையே என்ற பயம் வந்தது. பண்ணைகள் பெருத்து, குடும்பங்கள் நகரத்துக்குப் போக, அயோவா மாநிலத்தின் கிராமத்துப் பள்ளிகள் பல இணைக்கப்பட்டன, மூடப்பட்டன. அங்கே போஸ்ட்வில் என்றொரு ஊர், இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனம். அந்த ஊருக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது எந்தக் கல்விக் கொள்கையும் இல்லை, கறி ஆலை. மாடு அறுக்க, கோழி உரிக்க, ரத்தம் கழுவ குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த வேலை யார் தலையில் விழும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

அயோவாவில் அக்டோபர் முதல் தேதித் தலைக்கணக்கை வைத்துத்தான் பள்ளிக்குப் பணம். அப்பன் ஆலையை ஓட்டினான், பிள்ளை பள்ளிக்கூடத்தை ஓட்டியது. வாத்தியார் சம்பளமும் அதுலதான்.

2008 மே 12 அன்று குடியேற்றத் துறை ஆலையைச் சுற்றி வளைத்தது. 389 பேர் கைது. கொண்டுபோய் அடைத்த இடம் வாட்டர்லூ நகரத்துக் கால்நடைக் கண்காட்சி மைதானம். மனுசன அடைக்க வேற எடம் கெடைக்கல! மறுநாள் ஹிஸ்பானியப் பிள்ளைகள் பெரும்பாலோர் பள்ளிக்கு வரவில்லை. அப்பா சிறையில், அல்லது அம்மாவோடு ஒளிந்திருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்ட தாய்மார்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி. பதிவேட்டில் மட்டும் எல்லார் பேரும் இருந்தது.

சட்டம் இல்லாமலா? காகிதம் இல்லாத பிள்ளைக்கும் இலவசப் பள்ளி உண்டு என்று 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்துக்கு நாலு, மயிரிழையில். பிள்ளையை உள்ளே விடு என்றது, அப்பனைப் பிடிக்காதே என்று சொல்லவில்லை. பள்ளி வளாகத்தில் பிடிப்பதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த வழிகாட்டுதலையும் 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு எடுத்துவிட்டது.

ஆகவே அடுத்த சேர்க்கை அறிக்கை வரும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேர் பயமில்லாமல் வந்து உட்கார முடிகிறது என்றும் கேட்போம். போஸ்ட்வில் ஆலை 2009இல் கைமாறி வேறு பேரில் ஓடத் தொடங்கியது. அறுப்பு வேலைக்கு இந்தமுறை சோமாலியர்களும் வந்தார்கள்.