ஒரு டிகிரி வித்தியாசம்

பனி விழுந்தால் வாரித் தள்ளலாம். மழை பெய்தால் குடை பிடிக்கலாம். தண்ணீராக விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடி போல உறைந்துவிடும் மழையை என்ன செய்வது? குளிர்நாட்டு வானிலை அதிகாரிகளின் பெரிய தலைவலி இந்த உறைமழைதான்.

1998 ஜனவரி 5-ம் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தைப் பிடித்த மழை அந்த ரகம். வழக்கமாகச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் உறைமழை, அந்த வாரம் விட்டுவிட்டு 80 மணி நேரத்துக்கு மேல் பெய்தது. மான்ட்ரியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டர். பனிக்கட்டியின் கனம் தாங்காமல் மின்கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் சரிந்தன. கியூபெக்கில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் இருளில் தவித்தார்கள். சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு மாதமாயிற்று.

காரணம், காற்றின் அடுக்குகள். மேகத்திலிருந்து பனியாகப் புறப்படுவது வழியில் வெதுவெதுப்பான காற்றில் உருகித் துளியாகிறது. தரையருகே உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த காற்று. அந்த அடுக்கு மெலிதாக இருந்தால் துளி உறைய நேரமிருக்காது. கிளையிலோ கம்பியிலோ பட்டதும் உறையும். அடுக்கு தடித்திருந்தால் வழியிலேயே உறைந்து குருணையாகத் தெறித்துவிடும். தரையருகே ஓரிரு டிகிரி ஏறினால் வெறும் மழை.

மேலே என்ன நடக்கிறது என்று அறிய தினமும் இரண்டு முறை பலூன் விடுகிறார்கள். ஆனால் பலூன் நிலையங்களுக்கிடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ வடகிழக்குக் காற்று குளிரைத் தரையோடு இழுத்து வரும். பக்கத்து ஊரில் அது இருக்காது. மழை வரும் என்பதைச் சொல்லிவிடலாம். எந்த ஊரில் உறையும், எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதுதான் சிக்கல்.

எச்சரிக்கை பொய்த்தால் சாலையில் கொட்டிய உப்பு வீண். எச்சரிக்காமல் விட்டால் உயிர் போகும். 1998-ல் இறந்தவர்களில் சிலரைக் குளிர் கொன்றது. வேறு சிலரைக் கொன்றது, குளிர்காய வீட்டுக்குள் மூட்டிய அடுப்பின் நச்சுவாயு. மழை அளவோடு, மின்சாரம் போனால் என்ன செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் எச்சரிக்கை முழுமையாகும்.

பிறகு கோபுரங்களைப் பலப்படுத்தினார்கள். ஒன்று விழுந்தால் வரிசையாக மற்றவை விழாதபடி இடையிடையே உறுதியான கோபுரங்கள் நட்டார்கள். 2023 ஏப்ரலில் மீண்டும் உறைமழை. 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. இம்முறை பெரும்பாலும் கம்பிகள் மேல் முறிந்து விழுந்தவை மரக்கிளைகள்.