கடல் கடந்த இணையம் கரையோடு நின்றுவிடலாமா?

புதுதில்லி: சென்னைக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடி இழை வடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள இத்திட்டத்துக்கு ரூ. 1,224 கோடி செலவானது. அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளுக்கு இது பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், மக்கள் வசிக்கும் தீவுகள் 31. போர்ட் பிளேரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வேறு ஏழு இடங்களையும் மட்டுமே வடம் இணைக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட கச்சல் தீவு அந்தப் பட்டியலில் இல்லை. வடம் அண்டைத் தீவான கமோர்ட்டாவுடன் நின்றுவிடுகிறது. இத்தகைய இடைவெளிகளை நிரப்பக் குறைந்த செலவிலான வழி, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு வானலை மூலம் இணைப்புத் தருவதே. பெரிய நிறுவனங்களுக்கு லாபம் தராத இப்பணி சிறு இணையச் சேவையாளர்களுக்கு உரியது.

2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது இவர்களுக்குக் கைகொடுத்தது. அடுத்த கட்டமாக, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸை விடுவிக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. ஆனால், வீட்டுக்குள் 1 வாட், வெளியில் வெறும் 25 மில்லிவாட் என்று அந்த வரைவு ஆற்றலுக்கு வரம்பு கட்டியது. படகுகளில் பயன்படுத்தவும் தடை விதித்தது. வீட்டு வைஃபைக்கு இது போதும். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இணைப்புத் தர இது உதவாது.

அரசின் அச்சத்திலும் நியாயம் உண்டு. தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குச் செல்லும் தொடர்பு இதே அலைவரிசையில்தான் நடைபெறுகிறது. அதில் இடையூறு நேரக்கூடாது. எனினும், இடையூறு நேரும் இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, மற்ற இடங்களில் மட்டும் கூடுதல் ஆற்றலுக்கு அனுமதி தரும் தானியங்கி முறை அமெரிக்காவில் 2024-இல் நடைமுறைக்கு வந்துள்ளது. நெரிசல் மிகுந்த தில்லிக்கும், கடல் சூழ்ந்த கச்சலுக்கும் ஒரே அளவுகோல் ஏன்?

கோபுரங்களை இணைக்கும் அலைக்கற்றையை ஏலமின்றி ஒதுக்க 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வழிசெய்துள்ளது. அதற்கான கட்டணம், சில நூறு இணைப்புகளை மட்டுமே வைத்திருக்கும் சேவையாளருக்கும் கட்டுப்படியாக வேண்டும். இல்லையெனில் அச்சலுகை பெரிய நிறுவனங்களுக்கே பயன்படும்.

இத்தீவுகளுக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஓர் உறுப்பினர். எண்ணிக்கை பலமில்லாத மக்களின் குரலை அரசே தேடிச்சென்று கேட்க வேண்டும். முதல்படியாகத் தீவுகளில் மட்டுமாவது, அளவான கூடுதல் ஆற்றலுடன் வெளிப்புறப் பயன்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம். ரூ. 1,224 கோடி செலவிட்டுக் கடல் கடந்து வந்த இணையம், கடைசிச் சில கிலோமீட்டரில் விதிகளால் தடைபடக் கூடாது.