தீச்சுவரில் விரிசல்: திருத்தம் வந்துவிட்டது, நாம் போட்டோமா?

2025 மார்ச் 23ஆம் தேதி கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி அமைப்பு தாக்குதலுக்கு உள்ளானது. ஊடுருவியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டு மிரட்டினார்கள். அதைக் கொடுக்க மறுத்துவிட்டதாக இரண்டு நாள் கழித்துப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். மறுநாள் பிறையில் தேநீர்க் கடை ஒன்றில் இந்தச் செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். நம்ம கடைக்கு எவன் வரப்போறான்?" என்றார் அருகில் இருந்த ஒருவர்.

நான் பதில் சொல்லவில்லை. பிறைத் தொழிற்பேட்டையிலுள்ள சில சிறு தொழிற்கூடங்களுக்குக் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். "நம்ம கடைக்கு" வந்த கதை எனக்குத் தெரியும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு உலோகப் பாகங்கள் செய்து தரும் ஒரு கூடம் அது. சுமார் நாற்பது பேருக்கு அங்கே வேலை. ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவின் கணினியைத் திறந்தால் கோப்புகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திறந்தது. சம்பளப் பட்டியல் போயிற்று, விநியோகச் சீட்டுகள் போயின. அந்த மாதச் சம்பளம் பத்து நாள் தாமதமானது. அங்கே வேலை செய்தவர்களில் பலருக்கு அந்தப் பத்து நாள் என்பது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் ஆகும்.

என்னை அழைத்தது அதற்குப் பிறகுதான். ஊடுருவியவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் பதிவுகளைச் சேமிக்கும் வசதியை யாரும் அங்கே இயக்கி வைக்கவே இல்லை. ஆனால் ஒன்றைக் கண்டேன். இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு பழைய கணினி, லினக்ஸ் போட்டு, காவல் வேலைக்கு வைக்கப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக அதற்கு ஒரு திருத்தம்கூடப் போடவில்லை. ஏன் என்று முதலாளியிடம் கேட்டேன். "நல்லாத்தான் ஓடிச்சு தம்பி, ஓடுறத எதுக்கு நோண்டணும்?" என்றார்.

இந்த ஒரு வரிதான் இன்று பல இடங்களில் நமக்குள்ள ஆபத்து.

காவலாளியின் தவறு

இணையத்திலிருந்து வரும் தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்த்து, உள்ளே விடலாமா, தள்ளிவிடலாமா என்று முடிவு செய்யும் மென்பொருளைத்தான் ஃபயர்வால், தமிழில் தீச்சுவர், என்கிறோம். லினக்ஸில் இந்த வேலையை அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் 'நெட்ஃபில்டர்' செய்கிறது. அதற்கு விதிகளை எழுதிக் கொடுக்க முன்பு 'ஐபிடேபிள்ஸ்' இருந்தது. 2014 ஜனவரியில் வெளியான 3.13 கெர்னலிலிருந்து 'என்எஃப்டேபிள்ஸ்' வந்தது. உலகின் பெரும்பாலான இணைய வழங்கிகள் ஓடுவது லினக்ஸில்தான். பல வீடுகளில் இருக்கும் வைஃபை பெட்டிக்குள்ளும் அதுவே இருக்கிறது.

இந்த என்எஃப்டேபிள்ஸில், 2014ஆம் ஆண்டின் 3.15 கெர்னல் முதல் ஒரு பிழை யார் கண்ணிலும் படாமல் இருந்துவந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள். 2024 ஜனவரியில் அதைத் திருத்தினார்கள். அதன் அடையாள எண் சிவிஇ-2024-1086.

பிழை என்ன? ஒரு தொழிற்சாலை வாசலை நினைத்துப் பாருங்கள். வருகிற ஆளுக்குப் பொருள் வைக்க ஒரு லாக்கர் தரப்படுகிறது. காவலாளி ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவருடைய லாக்கர் 'காலி' என்று ஏட்டில் எழுதிவிட வேண்டும். உள்ளே விட்டால், அவர் வேலை முடிந்து போகும்போது 'காலி' என்று எழுத வேண்டும். இந்தக் காவலாளியிடம் ஒரு குறிப்பிட்ட விதமாக எழுதிய சீட்டைக் கொடுத்தால் குழம்பிவிடுகிறார். 'திருப்பி அனுப்பு' என்று படித்து லாக்கரைக் காலி என்று எழுதுகிறார். அதே சீட்டை 'உள்ளே விடு' என்றும் படித்து ஆளை அனுப்பிவிடுகிறார். பிறகு அதே லாக்கர் இரண்டாம் முறையும் காலி என்று பதிவாகிறது. இப்போது ஒரே லாக்கருக்கு இரண்டு பேரிடம் சாவி.

கணினியில் லாக்கர் என்பது நினைவகத்தின் ஒரு பகுதி. ஒரே பகுதி இரண்டு முறை விடுவிக்கப்பட்டால், தாக்குபவர் அங்கே தன் தரவை நுழைத்து, கடைசியில் அந்தக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும்.

இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிழையை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் எங்கோ இருப்பவர் நேராக உள்ளே வர முடியாது. ஏற்கெனவே அந்தக் கணினிக்குள் ஒரு சாதாரணப் பயனராகவாவது நுழைந்திருக்க வேண்டும். திருட்டுக் கடவுச்சொல், போலி மின்னஞ்சல் போன்ற ஏதோ ஒன்றால் துப்புரவுத் தொழிலாளி வேடத்தில் உள்ளே வந்தவன், நிர்வாகியின் சாவிக்கொத்தை எடுத்துக்கொள்ள இந்தப் பிழை உதவுகிறது. அதனால்தான் இதன் தீவிர மதிப்பெண் பத்துக்கு 7.8. அதிகபட்சம் இல்லை. ஆனால் பணம் பறிக்கும் கும்பலுக்கு அந்த இரண்டாம் படிதான் தேவை.

நாள்காட்டி சொல்லும் செய்தி

இந்தப் பிழையின் நாள்காட்டியைப் பாருங்கள். 2024 ஜனவரியில் திருத்தம் வந்தது. மார்ச் மாதத்தில், பிழையைப் பயன்படுத்துவது எப்படி என்பதை ஓர் ஆய்வாளர் செயல்படும் நிரலோடு விரிவாக வெளியிட்டார். மே 30ஆம் தேதி, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, 'உண்மையிலேயே தாக்குதலில் பயன்படுத்தப்படும் பிழைகள்' பட்டியலில் இதைச் சேர்த்து, ஜூன் 20க்குள் சரிசெய்யும்படி தன் மத்திய அரசுத் துறைகளுக்குக் கெடு விதித்தது. 2025 அக்டோபர் இறுதியில், பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் கும்பல்களும் இதைப் பயன்படுத்துகின்றன என்று அதே முகமை உறுதி செய்தது.

திருத்தம் வெளிவந்து ஒன்றே முக்கால் ஆண்டுக்குப் பிறகும் தாக்குதல் நடக்கிறது. மருந்து கடைக்கு வந்துவிட்டது, வாங்கிச் சாப்பிடத்தான் ஆளில்லை. விமான நிலையச் சம்பவத்துக்கும் இந்தப் பிழைக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. தெரியாத ஓட்டையைவிட, தெரிந்தும் அடைக்காத ஓட்டையே ஊடுருவுகிறவர்களுக்கு மலிவான வழி என்பதைத்தான் சொல்கிறேன். திருத்தத்தை வெளியிட்ட அன்றே பிழை எங்கே இருந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றிலிருந்து அவர்களுக்கும் நமக்கும் ஓட்டப் பந்தயம்தான்.

தவறை எழுதி வைத்தவர்

பிழைப் பட்டியல் நீளமாக இருக்கும் மென்பொருள் மட்டமானது என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. லினக்ஸ் தீச்சுவரை எளிதாக அமைக்க உதவும் 'ஷோர்வால்' என்ற மென்பொருளை டாம் ஈஸ்ட்டெப் என்பவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உருவாக்கிப் பராமரித்தார். ஒவ்வொரு வெளியீட்டோடும் 'தெரிந்த சிக்கல்கள்' என்று ஒரு கோப்பு இருக்கும். எந்தச் சூழலில் எது தவறாக நடக்கும், எந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது, அதுவரை என்ன செய்து சமாளிக்கலாம் என்பதெல்லாம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். நான் தொழில் கற்றது கையேட்டைவிட அந்தக் கோப்புகளைப் படித்துத்தான். தன் தவறைத் தானே எழுதி வைப்பவரை நம்பி வேலை செய்யலாம்.

2019இல் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஷோர்வாலோ பழைய ஐபிடேபிள்ஸ் முறையைச் சார்ந்தது. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளை இன்று யார் பராமரிக்கிறார், நாளை யார் பராமரிப்பார் என்று கேட்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் குழுவே தன் பிழைகளுக்கு அடையாள எண் வழங்கும் பொறுப்பை ஏற்றது. அதன்பின் எண்கள் மளமளவென்று கூடின. லினக்ஸ் திடீரென்று கெட்டுப்போனதால் அல்ல, எழுதி வைப்பது கூடியதால். ஆனால் நாற்பது பேர் கொண்ட கூடத்தில் அந்த நீண்ட பட்டியலை உட்கார்ந்து படிப்பது யார்?

சட்டம் எட்டாத இடம்

நம் நாட்டில் 2024 இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வங்கி, போக்குவரத்து, சுகாதாரம், எரிசக்தி, நீர் உட்பட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்புகளை அது காக்கிறது. அந்த நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆபத்து மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனமான நக்சாவுக்கு விவரம் தர வேண்டும்.

நல்ல சட்டம், வரவேற்க வேண்டியது. ஆனால் பிறையில் பாகம் செய்யும் சிறு கூடம் முக்கியக் கட்டமைப்பாக அறிவிக்கப்பட்டதல்ல. அங்கே ஆபத்து மதிப்பீட்டைக் கேட்பவர் இல்லை, தணிக்கைக்கு வருபவரும் இல்லை. பெரிய தொழிற்சாலையோ அந்தச் சிறு கூடத்தோடு கணினி வழியாகவே கொள்முதல் நடத்துகிறது. முன்வாசலுக்குப் பத்துப் பூட்டு, பின்வாசலுக்குக் கொக்கி மட்டும் என்றால் திருடன் எங்கே போவான்?

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு முனையிலிருந்து தொடங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த அதன் இணையத் தாங்குதிறன் சட்டம், பொருளைச் செய்து விற்பவர்மீதே பொறுப்பைச் சுமத்துகிறது. பொதுவாக ஐந்து ஆண்டுகளாவது பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. பினாங்கில் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் மின்னணுப் பொருளுக்கும் அது பொருந்தும். ஆக, திருத்தம் போடத் தெரிந்த ஆட்களுக்கான தேவை நம் ஊருக்கும் வரத்தான் போகிறது.

திருத்தம் போடுவதும் ஒரு தொழில்

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் "ஹேக்கிங் படிக்கலாமா, செயற்கை நுண்ணறிவு படிக்கலாமா?" என்பதுதான். பராமரிப்பு படிக்கலாமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதில் பெருமை இல்லை என்ற எண்ணம். நன்றாகச் செய்தால் எதுவும் நடக்காது. நடக்காததற்கு யார் பாராட்டுவார்கள்?

ஆனால் அதில் நுணுக்கம் இருக்கிறது. சென்ற முறை என்னிடம் தொழிற்பயிற்சிக்கு வந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் ஒரு கணினிக்குத் திருத்தம் போட்டுவிட்டு, "முடிஞ்சது அண்ணே" என்றார். எந்தக் கெர்னல் இப்போது ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. புதிய கெர்னல் வட்டில் உட்கார்ந்திருந்தது, ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்யவில்லை. வழக்கமான முறையில், மறுதொடக்கம் செய்யாதவரை பழைய காவலாளிதான் வாசலில் நிற்பார். அந்த மாணவர் இன்றுவரை அதை மறக்கவில்லை.

இன்னொன்று. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ரெட்ஹேட், டெபியன், உபுண்டு போன்ற வெளியீட்டாளர்கள் பழைய கெர்னல் எண்ணை வைத்துக்கொண்டே புதிய திருத்தத்தை அதற்குள் சேர்த்துத் தருவார்கள். எண் பழையதாக இருந்தாலும் ஓட்டை அடைபட்டிருக்கலாம். வெளியீட்டாளரின் பாதுகாப்பு அறிவிப்பில் அந்தச் சிவிஇ எண்ணைத் தேடிப் பார்ப்பதே சரியான வழி.

முதலாளி சொன்ன "ஓடுறத எதுக்கு நோண்டணும்" என்பதிலும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். திருத்தமே சில நேரம் கெடுத்துவிடும். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஆகவே போடாமல் இருப்பதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் தவறு. முதலில் காப்புப்பிரதி, பிறகு ஒரு கணினியில் சோதனை, பிறகு மற்றவை. ஏதாவது தவறினால் பழைய கெர்னலுக்குத் திரும்பும் வழியும் தயாராக இருக்க வேண்டும். இது அச்சமல்ல, ஒழுங்கு.

இளையோர் இன்றே தொடங்கலாம். உங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பழைய மடிக்கணினி இருந்தால் லினக்ஸ் போட்டு, ஒரு தீச்சுவர் விதியை நீங்களே எழுதிப் பாருங்கள். வாரம் ஒரு பாதுகாப்பு அறிவிப்பைப் படித்து, அது யாருக்கு ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். ஆறு மாதத்தில் வேலைக்கான நேர்காணலில் காட்ட உங்களிடம் ஒரு கோப்பு இருக்கும். அப்பாவோ மாமாவோ சிறுதொழில் நடத்தினால், அங்கே உள்ள கணினிகளின் பட்டியலை எடுத்துக் கொடுங்கள். எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் எதற்குத் திருத்தம் போடுவது?

அந்தத் தொழிற்கூடத்தில் இப்போது அந்தக் காவல் கணினியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாதம், போட்ட திருத்தம், மறுதொடக்கம் செய்த நேரம், கையொப்பம் என்று நான்கு கட்டம். மாதத்தின் முதல் சனிக்கிழமை வேலை முடிந்ததும் நான் போவேன். முதலாளி இப்போது என்னிடம் "எதுக்கு நோண்டணும்" என்று கேட்பதில்லை. "போன மாசம் கையெழுத்து விட்டுப் போச்சே தம்பி?" என்று கேட்கிறார்.